பொக்காரா – ஜோம்சோம்: விமானத்தில் 20 நிமிடம், சாலையில் ஒரு பகல்

ஏப்ரல் 24, பொக்காரா

108 திவ்ய தேசங்களில் இந்தப் பூமியில் இருப்பவை 106. அவற்றில் இந்தியாவுக்கு வெளியே இருப்பது ஒன்றே ஒன்றுதான், நேபாளத்துச் சாளக்கிராமம். முக்திநாத் என்றால் எல்லோருக்கும் தெரியும். அம்மாவுக்கு இப்போது 68 வயது. முழங்கால் சொன்னபடி கேட்கும்போதே அங்கே போய்விட வேண்டும் என்று மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். 'சாளக்கிராமம் அடை நெஞ்சே' என்று திருமங்கையாழ்வார் பாசுரத்துக்குப் பாசுரம் நெஞ்சை விரட்டுகிறார். வீட்டில் அந்த வரியைக் கேட்டுக் கேட்டு எனக்கும் பாடமாகிவிட்டது.

கும்பகோணத்தில் உட்கார்ந்து திட்டம் போட்டபோது எல்லாம் எளிதாகத்தான் தெரிந்தது. பொக்காராவிலிருந்து, முக்திநாத்துக்குப் பக்கத்தில் விமானம் இறங்குகிற ஊரான ஜோம்சோமுக்கு நேர்கோட்டில் சுமார் 70 கிலோமீட்டர். நாங்கள் சிதம்பரம் போகிற தூரம். விமானத்தில் 20 நிமிடம். சாலை வழியாகப் போனால் 155 கிலோமீட்டருக்கு மேல், அதுவும் மலைச்சாலை. அம்மாவின் முதுகை நினைத்து விமானத்துக்கே பணம் கட்டினேன்.

இன்று மதியம் பொக்காரா வந்தோம். ஏரிக்கரையில் நின்றால் அன்னபூர்ணா, மச்சபுச்சரே சிகரங்கள் தெரியும் என்று எல்லாப் படத்திலும் பார்த்திருக்கிறோம். இன்று ஏரியின் எதிர்க்கரையே மங்கலாகத்தான் இருந்தது. தொண்டையில் லேசான எரிச்சல். மார்ச்சிலிருந்து காட்டுத்தீ எரிகிறதாம், மழை விழுந்தால்தான் இந்தப் புகை அடங்கும் என்றார் விடுதிக்காரர். அன்னபூர்ணா பாதுகாப்புப் பகுதிக்குள் போவதற்கான அனுமதிச் சீட்டு சார்க் நாட்டவருக்கு 1,000 நேபாள ரூபாய், நம் பணத்தில் 625. அதை வாங்கிக்கொண்டு சீக்கிரம் படுத்துவிட்டோம்.

ஏப்ரல் 25, பொக்காரா விமான நிலையம்

எங்கள் விமானம் 6.45-க்கு. 5.30-க்கே போய்ப் பையை எடை போட்டாயிற்று. 19 பேர் உட்காரும் சின்ன விமானம், ஆளுக்கு 15 கிலோதான் கணக்கு. அம்மாவின் பையில் புளிக்காய்ச்சல் பாட்டில், பருப்புப்பொடி, முறுக்கு டப்பா எல்லாம் சேர்ந்து 9 கிலோ. அப்புறம் காத்திருந்தோம்.

6.45 போய் 7.30 ஆயிற்று. வானிலை காரணமாகத் தாமதம் என்று ஒலிபெருக்கியில் மூன்று தடவை சொன்னார்கள். அறை முழுக்க நம் ஊர் ஆட்கள்தான். பக்கத்து நாற்காலியில் ராஜமுந்திரியிலிருந்து வந்த தம்பதி. அவர் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். அந்த அம்மாள் தெலுங்கில் கேட்க, என் அம்மா தமிழில் பதில் சொல்ல, பத்து நிமிடத்தில் இருவரும் முழங்கால் வைத்தியம் வரைக்கும் போய்விட்டார்கள்.

எதிரே ஜோம்சோம் பக்கத்து மார்பா ஊர்ப் பாட்டி ஒருவர் இருந்தார். பொக்காராவில் கண் சிகிச்சை முடிந்து வீடு திரும்புகிறவர். கையில் கண் சொட்டு மருந்து வைத்த பிளாஸ்டிக் பை, காலில் புது கான்வாஸ் ஷூ. அறைக்குள் எல்லோரும் கடிகாரத்தைப் பார்த்தார்கள் என்றால் அவர் மட்டும் கண்ணாடிச் சுவர் வழியாக வெளியே வடக்குப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே சாரங்கோட் குன்று இருக்கிறது. குன்று இருக்கும் இடத்தில் வெளுத்த சாம்பல் நிறம்தான் இருந்தது. 8.15-க்குப் பாட்டி எழுந்தார். குன்றைக் காட்டி உதட்டைப் பிதுக்கினார். பிறகு கையை வடக்கே நீட்டி, விரல்களை விரித்துச் சுழற்றி, "ஹாவா" என்றார். காற்று. "தஸ் பஜே." பத்து மணிக்கு. பையை எடுத்துக்கொண்டு பேருந்து நிலையத்துக்கு நடந்துவிட்டார்.

அந்தப் பாட்டி சொன்னதன் முழு அர்த்தமும் எங்களுக்கு 10.40-க்கு விமானம் ரத்து என்று அறிவித்த பிறகுதான் புரிந்தது. ராஜமுந்திரி சார் நல்ல இந்தி பேசுவார். கவுண்டரில் இருந்த பையனிடம் நிதானமாகக் கேட்டுத் தெரிந்துகொண்டு வந்து சொன்னார். ஜோம்சோமில் கருவியை நம்பி விமானத்தை இறக்க முடியாது. விமானி கண்ணால் பார்த்துத்தான் மலைகளுக்கு நடுவே ஓட்ட வேண்டும், கண்ணால் பார்த்துத்தான் இறக்க வேண்டும். அதற்கு ஐந்து கிலோமீட்டராவது தெளிவாகத் தெரிய வேண்டும். பொக்காராவில் புகையும் மூட்டமும் வெயில் ஏறினால்தான் விலகும். ஜோம்சோமிலோ வெயில் ஏறினால் காற்று கிளம்பிவிடும். இங்கே தெளிவதற்கு ஒன்பது பத்து மணி ஆகிறது, அங்கே பத்து மணிக்கு மேல் இறங்க முடியாது. இரண்டு ஊரின் வாசலும் ஒரே நேரத்தில் திறந்திருக்க வேண்டும், அந்த நேரம் சில நாள் இரண்டு மணி நேரம், சில நாள் அரை மணி நேரம், சில நாள் இல்லவே இல்லை.

சிலர் கவுண்டரில் சத்தம் போட்டார்கள். எனக்குச் சத்தம் போடத் தோன்றவில்லை. 2022 மே 29 அன்று இதே பாதையில், இதே அளவு விமானம் மலையில் மோதி அதில் இருந்த 22 பேரும் இறந்துபோனார்கள். அதில் நம் நாட்டுக் குடும்பம் ஒன்றும் இருந்தது. பறக்க முடியாது என்று ஒருவர் சொன்னால் அதை அப்படியே ஏற்றுக்கொள்வதுதான் சரி.

என் வருத்தம் வேறு. நாளைக்கு எங்களை ஏற்றுவீர்களா என்று கேட்டால், நாளைய விமானத்தில் நாளைய பயணிகளுக்குத்தான் முதல் இடமாம். இன்று விடுபட்டவர்கள் மிச்சம் இருந்தால் ஏறலாம். பணம் முகவர் வழியாகப் பத்து நாளில் வருமாம். இதைக் காலையிலேயே சொல்லியிருந்தால், பாட்டியோடு சேர்ந்து நாங்களும் கிளம்பியிருப்போம்.

அம்மா மட்டும் முகம் சுளிக்கவில்லை. "அந்தக் காலத்தில் நடந்தே போயிருக்கா. நமக்கு ஜீப் இருக்கே" என்றாள். ராஜமுந்திரி தம்பதியோடு சேர்ந்து ஒரு பொலேரோ பேசினோம். ஜோம்சோம் வரைக்கும் 18,000 நேபாள ரூபாய், ஆளுக்குப் பாதி.

ஏப்ரல் 26, சாலையில்

காலை 4.50-க்கு வண்டி வாசலில் நின்றது. ஓட்டுநர் 25 வயதுப் பையன், பேனி பக்கத்துக்காரன். அம்மாவின் கையைப் பிடித்து முன்சீட்டில் ஏற்றி, "ஆமா, டிக் ச?" என்றான். நேபாளியில் ஆமா என்றால் அம்மா. இது தெரியாமல் அம்மா, தான் என்ன கேட்டோம் என்று இவன் ஆமா ஆமா என்கிறான் என்று ஒரு மணி நேரம் குழம்பிக்கொண்டிருந்தாள். தெரிந்த பிறகு அவன் ஒவ்வொரு தடவை கூப்பிடும்போதும் சிரித்தாள்.

ஆறு மணிக்கு லும்லே. நேபாளத்திலேயே அதிக மழை பெய்கிற ஊர், வருடத்துக்கு 5,000 மில்லிமீட்டருக்கு மேல். மரமெல்லாம் பாசி தொங்கியது. நாங்கள் போய்ச் சேர வேண்டிய ஜோம்சோமில் வருடம் முழுக்கச் சேர்த்தாலும் 300 மில்லிமீட்டர் அளவுதான். அன்னபூர்ணா மலைத்தொடர் மழை மேகத்தை இந்தப் பக்கமே நிறுத்திவிடுகிறது.

குஸ்மாவில் காலை உணவு. செல் ரொட்டி என்று ஒன்று, அரிசி மாவை வளையமாக எண்ணெயில் ஊற்றிப் பொரித்தது. ஒன்று 25 ரூபாய். வெல்லம் போடாத அதிரசம் மாதிரி இருக்கிறது என்று அம்மா இரண்டு சாப்பிட்டாள். குஸ்மாவைத் தாண்டியதும் காளி கண்டகி ஆறு கூட வரத் தொடங்கியது. கறுப்பு மணலைக் கரைத்த மாதிரி நிறம். அதற்கப்புறம் கடைசி வரை அந்த ஆற்றை விட்டு நாங்கள் விலகவே இல்லை.

சாலை பேனி வரைக்கும் பரவாயில்லை. பிறகு தார், பிறகு ஜல்லி, பிறகு வெறும் பாறை, மறுபடி கொஞ்சம் தார். எங்கே பார்த்தாலும் சாலையை அகலப்படுத்துகிறார்கள். பின்சீட்டில் இருந்த எங்கள் மூவர் தலையும் மாறி மாறிக் கண்ணாடியில் இடித்தது. தாதோபானி வந்தபோது மணி 11. தாதோபானி என்றால் வெந்நீர் என்று அர்த்தம், ஆற்றோரத்தில் வெந்நீர் ஊற்று இருக்கிறது. நாங்கள் இறங்கவில்லை.

டானாவைத் தாண்டி நின்றுவிட்டோம். முன்னால் பதினைந்து வண்டி. மலையிலிருந்து மண்ணும் கல்லும் சரிந்து சாலையை மூடியிருந்தது. ஒரு ஜேசிபி அள்ளி அள்ளி ஆற்றுப் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தது. அது ஒவ்வொரு தடவை தள்ளும்போதும் கீழே கல் போய் விழும் சத்தம் வருவதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. எட்டிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. ஆற்றுக்கு ஒரு பக்கம் தவளகிரி 8,167 மீட்டர், மறுபக்கம் அன்னபூர்ணா 8,091 மீட்டர், நடுவே நூல் மாதிரி இந்தப் பாதை. உலகத்தின் மிக ஆழமான பள்ளத்தாக்குகளில் ஒன்று என்று இதைச் சொல்கிறார்கள். அடியில் நின்றால் இரண்டு சிகரமும் தெரியாது. மேலே ஒரு முழ அகலத்துக்கு வானம் தெரியும், அவ்வளவுதான்.

இரண்டு மணி பத்து நிமிடம் நின்றோம். யாரும் ஹாரன் அடிக்கவில்லை. முன்னால் நின்ற பேருந்திலிருந்து பெண்கள் இறங்கிப் பாறை நிழலில் உட்கார்ந்து வெள்ளரிக்காயை நீளமாகக் கீறி, உப்பும் திமூரும் தூவிச் சாப்பிட்டார்கள். திமூர் மிளகு மாதிரி ஒன்று. கடித்தால் காரம் இல்லை, நாக்கு மரத்துப்போய் எலுமிச்சை வாசனை வரும். எங்களுக்கும் நாலு கீற்று கொடுத்தார்கள். அம்மா முறுக்கு டப்பாவைத் திறந்து சுற்றி எல்லோருக்கும் நீட்டினாள். கடைசியில் அவளுக்கு ஒன்று கூட மிஞ்சவில்லை.

காசாவைத் தாண்டியதும் ஊசியிலைக் காடு, குளிர். லார்ஜுங்கில் மாலை நாலு மணிக்குத்தான் மதியச் சாப்பாடு. இந்தப் பள்ளத்தாக்கின் தகாலி இனத்தார் வீடு. சமையலறையிலேயே உட்கார வைத்தார்கள். வெண்கலத் தட்டில் சோறு, பருப்பு, கீரை, உருளைக்கிழங்கு, குந்த்ருக் என்கிற புளிக்கவைத்த கீரை, முள்ளங்கி ஊறுகாய். அம்மா சாப்பாட்டைப் பார்ப்பதற்கு முன் காலித் தட்டு ஒன்றை எடுத்து, விளிம்பை நகத்தால் சுண்டிக் காதருகே வைத்துக் கேட்டாள். கும்பகோணத்துப் பாத்திரக் கடையில் செய்கிற அதே காரியம். சத்தம் நிற்க நேரம் பிடித்தது. "நல்ல வெண்கலம்" என்றாள். வீட்டுக்கார அம்மாவுக்குத் தமிழ் தெரியாது, ஆனால் சுண்டிப் பார்த்ததே புரிந்துவிட்டது. தன் மாமியார் காலத்துத் தட்டு என்று கையால் உயரம் காட்டிச் சொன்னார்.

பருப்புக்குத் தாளிக்கும்போது பார்த்தேன். இரும்புக் கரண்டியில் நெய் காய்ந்ததும் காய்ந்த புல் மாதிரி ஒரு சிட்டிகை எடுத்துப் போட்டார். நொடியில் கறுத்தது. அப்படியே பருப்பில் கவிழ்க்க, அறை முழுக்க வாசனை. ஜிம்பு என்று பெயர், முஸ்தாங் மலையில் விளைவது. அம்மா முகர்ந்துவிட்டு என்னைப் பார்த்தாள். வெங்காய வாசனை. யாத்திரையில் அவள் வெங்காயம், பூண்டு தொடமாட்டாள். விசாரித்தால் அது வெங்காயக் குடும்பத்துச் செடியேதான். ராஜமுந்திரி சார் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னார். அந்த வீட்டுக்கார அம்மா கொஞ்சமும் முகம் மாறாமல், தாளிக்காத பருப்பை வேறு பாத்திரத்தில் எடுத்து, கரண்டியைக் கழுவி, சீரகம் மட்டும் தாளித்துக் கொண்டுவந்தார். பிறகு சோறு, பருப்பு எல்லாம் கேட்காமலே இரண்டாவது தடவை வந்தன. ஆளுக்கு 550 ரூபாய், அம்மாவுக்கும் அதேதான். கிளம்பும்போது அம்மா புளிக்காய்ச்சலில் ஒரு கரண்டி ஒரு கிண்ணத்தில் வைத்துக் கொடுத்தாள்.

துக்குச்சே பக்கம் வந்தபோது வண்டியைக் காற்று தள்ளியது. ஆற்றுப்படுகை அரை மைல் அகலம், மணல் திரைதிரையாக எழுந்து வந்தது. ஜோம்சோமில் விடுதி வாசலில் என் பக்கத்துக் கதவைத் திறக்க முடியவில்லை. ஓட்டுநர் வெளியே நின்று இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். மணி 6.30. 13 மணி 40 நிமிடம்.

ஏப்ரல் 27, முக்திநாத்

விடியற்காலையில் ஜோம்சோம் வேறு ஊர் போல இருந்தது. ஒரு கொடி அசையவில்லை. ஓடுதளத்துக்கு நேர் எதிரே பனி மூடிய சிகரம் கைக்கெட்டும் தூரத்தில். பெயர் என்ன என்று கேட்டால் நீலகிரி என்றான் ஓட்டுநர். "நம்ம நீலகிரியா!" என்று அம்மா கும்பிட்டாள். இது 7,061 மீட்டர்.

முக்திநாத் ஜோம்சோமிலிருந்து ஒரு மணி நேரம். ஜீப் ராணிபௌவா வரை போகும். பிறகு நடை, படிகள். 3,700 மீட்டர் உயரம், பத்தடிக்கு ஒரு தடவை மூச்சு வாங்கியது. ராஜமுந்திரி அம்மாளுக்குத் தலைவலி, குதிரையில் போனார். அம்மா குதிரை வேண்டாம் என்றுவிட்டாள். பத்தடி நடப்பாள், நிற்பாள், மறுபடி பத்தடி. 50 நிமிடம் ஆனது. நேற்று நாள் முழுக்கச் சாலையில் மெதுவாக ஏறி வந்ததும் ஒரு விதத்தில் உடம்புக்கு நல்லதுதான் என்று அப்போது நினைத்துக்கொண்டேன். விமானத்தில் வந்திருந்தால் 20 நிமிடத்தில் 1,900 மீட்டர் ஏறியிருப்போம்.

கோயில் சின்னது. மூன்று அடுக்குக் கூரை. பின்னால் அரைவட்டமாக 108 கோமுகங்கள், ஒவ்வொன்றிலிருந்தும் நீர் கொட்டுகிறது. பனி உருகின தண்ணீர். இளைஞர்கள் தலையைக் கொடுத்து ஓடினார்கள். அம்மா ஓடவில்லை. முதல் கோமுகத்தில் உள்ளங்கையைக் குழித்து நீர் பிடித்தாள், தலையில் தெளித்தாள், அடுத்ததுக்குப் போனாள். நாற்பதாவதில் அவள் விரல்கள் வெளுத்துவிட்டன. போதும் என்றேன். காதில் வாங்கவில்லை. எழுபதுக்கு மேல் கையைக் குழிக்க முடியவில்லை, விறைத்துவிட்டது. புறங்கையை நீட்டி நனைத்து நெற்றியில் ஒற்றிக்கொண்டாள். 108-ம் முடித்தாள். சிவப்பு உடை உடுத்திய பௌத்தத் துறவிப் பெண்மணி ஒருவர் அவள் இரண்டு கையையும் தன் கைக்குள் வைத்துத் தேய்த்துவிட்டார். கோயிலைப் பார்த்துக்கொள்வது இவர்கள்தான். உள்ளே இருக்கும் முக்தி நாராயணரை அவர்கள் அவலோகிதேசுவரராக வணங்குகிறார்கள். தரிசனம் முடிந்து வெளியே வந்து அம்மா வெகுநேரம் பேசவில்லை. நானும் பேசவில்லை.

திரும்பும்போது மதியம். காக்பேனியில் ஆற்றில் இறங்கி சாளக்கிராமக் கல் தேடினாள். கடையில் நிறைய வைத்திருக்கிறார்கள், அதை விலை பேசி வாங்கக்கூடாது என்பது அவள் கணக்கு. கிடைக்கவில்லை. அதற்குள் காற்று கிளம்பிவிட்டது. முகத்தில் பொடிக்கல் வந்து அடித்தது, கண் திறக்க முடியவில்லை.

காற்று ஏன் இப்படி வருகிறது என்பது அந்த ஊரில் நின்றால் தானாகப் புரிகிறது. வடக்கே முஸ்தாங் மேட்டுநிலம் மரமில்லாத வறண்ட பூமி. வெயில் பட்டதும் சூடாகி அங்கே காற்று மேலே போகிறது. அந்த இடத்தை நிரப்ப, தாழ்வான தெற்கிலிருந்து காற்று வர வேண்டும். வருவதற்கு இந்தப் பள்ளத்தாக்கு ஒன்றுதான் வழி, நேற்று நாங்கள் வந்த அதே குறுகிய வழி. அடுப்பு ஊதுகுழலின் வாயில் ஊரைக் கட்டி வைத்த மாதிரி. வீட்டுக் கூரைகளில் விறகை விளிம்பு முழுக்க அடுக்கி வைத்திருக்கிறார்கள், மந்திரம் அச்சடித்த துணிக்கொடிகள் எல்லாம் வடக்கே நீட்டி விறைத்து நிற்கின்றன. முக்கால் கிலோமீட்டர்கூட இல்லாத அந்த ஓடுதளத்தைப் பார்த்தேன். இந்தக் காற்றில் அதில் யாரும் இறங்க வேண்டாம்.

ஏப்ரல் 28, ஜோம்சோம், மார்பா

இன்று திரும்பும் விமானம். 5.30-க்கே நிலையத்துக்குப் போய்விட்டோம், விடுதியிலிருந்து நூறு அடி. மேகம் ஒரு பொட்டுக்கூட இல்லை, நீலகிரியின் மடிப்பெல்லாம் எண்ணலாம். இவ்வளவு தெளிவான வானத்தின் கீழே நின்றுகொண்டு விமானம் இல்லை என்று கேட்பது கஷ்டமாக இருந்தது. இங்கே இருந்து கிளம்ப வேண்டிய விமானம் முதலில் பொக்காராவிலிருந்து வர வேண்டும். அங்கே இன்றும் புகை. 9.50-க்குக் கொடிக்கம்பத்தில் கொடி லேசாக அசைந்தது. அந்த நிமிடமே ஊழியர்கள் பதிவேட்டை மூடினார்கள்.

இந்தத் தடவை விமானக்காரர்கள் மறுநாள் முதல் விமானத்தில் இடம் தருவதாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். ராஜமுந்திரி தம்பதிக்கு 30-ஆம் தேதி காத்மாண்டுவில் விமானம். இனி நம்ப முடியாது, நாளைக் காலை அதே பொலேரோவில் இறங்கிவிடுகிறோம் என்றார்கள். எங்களையும் கூப்பிட்டார்கள். அம்மா முதுகைத் தொட்டுக் காட்டினாள். ஒரு நாள் பார்க்கலாம் என்று இருந்துவிட்டோம்.

பகலில் மார்பா போனோம், உள்ளூர்ப் பேருந்தில் ஆளுக்கு 100 ரூபாய். வெள்ளையடித்த வீடுகள், கல் பாவிய சந்துகள், கல்லுக்கு அடியில் தண்ணீர் ஓடும் சத்தம். சந்துக்குள் நுழைந்தால் காற்று சட்டென்று நின்றுவிடுகிறது. ஊரையே காற்றுக்கு முதுகு காட்டிக் கட்டியிருக்கிறார்கள். 1966-ல் அரசு தோட்டக்கலைப் பண்ணை வந்த பிறகு இங்கே ஆப்பிள்தான் எல்லாம். இது பழக்காலம் இல்லை, உலர்த்திய வில்லைகள் வாங்கினோம், பொட்டலம் 300. முன்பெல்லாம் கழுதையில் பேனிக்கு இறக்கவே நாலைந்து நாள் ஆகும், பாதிப் பழம் அடிபட்டுவிடும், லாரி வந்த பிறகுதான் காசு பார்த்தோம் என்றார் கடைக்கார அம்மா. கண் சிகிச்சைப் பாட்டியை விசாரித்தேன். பெயர் தெரியாமல் யாரை என்று சொல்வது. புது கான்வாஸ் ஷூ என்றேன், சிரித்தார்கள்.

மாலை விடுதி மாடியில் உட்கார்ந்திருந்தபோது தெற்கே, பள்ளத்தாக்கின் வாய்ப்பக்கம், வானம் கறுத்து மின்னியது. இங்கே ஒரு சொட்டு விழவில்லை. விடுதிக்கார அம்மா கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அந்தப் பக்கமே பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்துத் தலையாட்டினார். பொக்காராவில் மழை.

ஏப்ரல் 29, பொக்காரா

ராஜமுந்திரி தம்பதி 5.30-க்குக் கிளம்பினார்கள். அம்மாவும் அந்த அம்மாளும் கட்டிக்கொண்டார்கள். ஓட்டுநர் பையன் அம்மாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு வண்டியில் ஏறினான்.

6.40-க்கு விமானச் சத்தம். தெற்கேயிருந்து வந்து, எங்கள் தலைக்கு மேலே திரும்பி, இறங்கி, நின்றது. 19 பேர் இறங்கினார்கள், முகமெல்லாம் சிரிப்பு. இயந்திரத்தை முழுதாக நிறுத்தக்கூட இல்லை, பைகள் மாறின, நாங்கள் ஏறினோம். பணிப்பெண் ஒரு தட்டில் மிட்டாயும் காதுக்குப் பஞ்சும் கொண்டுவந்தாள். விமானிகள் இருவரின் முதுகும், அவர்களுக்கு முன்னால் இருந்த கண்ணாடியும் எங்களுக்கே தெரிந்தது.

7.05-க்குத் தரையை விட்டது. மார்பாவின் வெள்ளைக் கூரைகள், துக்குச்சே, லார்ஜுங். வலது பக்கம் தவளகிரி, இடது பக்கம் அன்னபூர்ணா. அன்று பள்ளத்தாக்கின் அடியில் நின்று பார்க்க முடியாத இரண்டும் இன்று எங்கள் ஜன்னலுக்கு மேலேயும் எழும்பி நின்றன. விமானமே அவற்றின் இடுப்பளவுக்குத்தான் பறந்தது. அம்மா சிகரத்தைப் பார்க்கவில்லை. கண்ணாடியில் நெற்றியை வைத்துக் கீழே ஆற்றோரம் போகிற சாலையையே தேடிக்கொண்டிருந்தாள். கறுப்பு நூலும் பக்கத்தில் வெளுத்த நூலும். "அந்த வெள்ளரிக்காய் கொடுத்த இடம் எது?" என்றாள். எனக்கும் தெரியவில்லை. அதற்குள் காளி கண்டகியை விட்டு இடது பக்கம் திரும்பி, கோரேபானி மேட்டைத் தாண்டி, பச்சை வயல்கள் வந்துவிட்டன. மழையில் கழுவின காற்று. சாரங்கோட்டில் மரம் மரமாகத் தெரிந்தது. சக்கரம் தரையைத் தொட்டபோது மணி 7.24. அம்மாவின் வாயில் மிட்டாய் இன்னும் கரையவில்லை.

நிலையத்துக்கு வெளியே டீ சொல்லிவிட்டு ராஜமுந்திரி சாருக்குப் போன் போட்டேன். லேதேயைத் தாண்டிவிட்டோம், காசா இன்னும் வரவில்லை என்றார். பின்னால் வண்டி குலுங்கும் சத்தம். அந்த அம்மாள் போனை வாங்கி, உங்கள் பிளேன் கிளம்பியதா, இன்றைக்காவது வந்ததா என்று பதறிக் கேட்டார். நாங்கள் பொக்காராவில்தான் நிற்கிறோம் என்று அம்மா தமிழில் சொன்னாள். புரியவில்லை என்று நினைத்து மறுபடி சொன்னாள். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் வண்டிச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அவர் ஏதோ தெலுங்கில் சந்தோஷமாகச் சொன்னார், சாருக்கும் சொன்னார், ஓட்டுநருக்கும் சொன்னார்.

ஓட்டுநர் பையன் அங்கிருந்தே சத்தமாகக் கேட்டான்: "ஆமா! சியா கானுபயோ?"

டீ குடித்தீர்களா என்று கேட்கிறான் என்றேன்.

"ஆமா" என்றாள் அம்மா.